மனை பிரிக்கும் முன் மழைநீர்த் தடத்தைக் குறியுங்கள்!

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை நேரத்தில் ஒரு விவசாயி என் அலுவலகத்துக்கு வந்தார். “சார், கடலைக் காட்டுல நாலு நாளா தண்ணி நிக்குது. எங்கப்பா காலத்துலகூட இப்படி நின்னதில்ல” என்றார். போய்ப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் அவருடைய அண்ணன் விற்ற 5 ஏக்கரில் மனை பிரித்திருந்தார்கள். குறுக்கே ஓடிய சிறு பள்ளக்காலை மண் கொட்டி மூடி, சாலையும் போட்டாயிற்று. வழி அடைபட்ட தண்ணீர், தம்பியின் காட்டுக்குள் புகுந்துவிட்டது.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால், விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். 5 ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர். உழுத நிலம் அதில் கணிசமாகக் குடித்துக்கொள்ளும். தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் குடிக்காது.

நிலத்தை விற்பது அவரவர் குடும்பச் சூழல். கடன் இருக்கும், கல்யாணச் செலவு இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், பேரம் பேசும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. கிராம வரைபடம், புல வரைபடம், ‘அ’ பதிவேடு மூன்றையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதைப் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

2. பட்டா நிலத்துக்குள் ஓடும் சிறு பள்ளக்கால் பல நேரம் வரைபடத்தில் இருக்காது. நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் ஓடும் தடத்தில் முளைக்குச்சி அடியுங்கள். கிணறு, பனை, வேம்பு, புளிய மரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் அளக்கும்போது இவையும் வரைபடத்தில் ஏறட்டும்.

3. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேல் இருந்தால், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவிகிதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விலை போகாத கோணல் மூலையை இதற்குத் தள்ளிவிடுவது வழக்கம். பள்ளக்கால் ஓரமாக, மரங்கள் நிற்கும் பக்கமாக ஒதுக்கச் சொல்லுங்கள். எப்படியும் கொடுத்தே ஆகவேண்டிய இடம்தானே!

4. சாலை தடத்தைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலம் கேளுங்கள்.

5. எல்லாவற்றையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு, பத்திரம் முடிந்ததும் மறந்துபோகும்.

அந்த அண்ணனும் தம்பியும் சாலையை வெட்டிக் குழாய் பதிக்க நாள்கணக்கில் அலைந்தார்கள். மனை வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. வரைபடம் போட்ட அன்றைக்குத் தண்ணீருக்கென்று ஒரு கோடு இழுத்திருந்தால், இத்தனை அலைச்சல் இல்லை.