ஃபேக்டரியில் துண்டான விரல்... உருவானது ஹெவி மெட்டல்! பிளாக் சபாத்தின் கடைசிக் கச்சேரி ஏன் ஸ்பெஷல்?

போச்சம்பள்ளி, ஓசூர் பக்கம் பிரஸ் மெஷினில் நிற்பவர்களுக்கு இந்தக் கதை சட்டுனு புரியும்.

1965. இங்கிலாந்தின் பர்மிங்காம். ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் 17 வயது டோனி அயோமிக்கு அன்றுதான் கடைசி நாள். அடுத்து இசைக்குழுவோடு ஜெர்மனி போகத் திட்டம். மதியம் சாப்பிட வந்தவர், இனி வேலைக்குப் போகலைன்னு சொல்ல, முடிச்சுட்டே வான்னு அனுப்பினார் அம்மா. அன்று பிரஸ் ஆபரேட்டர் வரவில்லை. பழக்கமே இல்லாத மெஷினில் அயோமியை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவர் இடது கைக்காரர். கிட்டார் தந்தியை அழுத்துவதே அந்த வலது விரல்கள்தான்!

பிறகு எப்படி வாசித்தார்?

ஃபேக்டரி மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரலில் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார். மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் போட்டார், பின்னாளில் அவற்றைத் தளர்த்தியும் கட்டினார். சத்தம் கனமாக, இருட்டாக இறங்கியது. 'வெறும் கத்தல்'னு நாம் ஒதுக்கும் இசைக்குப் பின்னால் இருப்பது இந்தக் காயம்தான்.

1968-ல் சேர்ந்த நால்வருமே அதே ஊர்க்காரர்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்ன்கூட கார் ஹாரன் டியூன் செய்யும் வேலை பார்த்தவர்.

2017-லேயே விடைபெற்றாச்சே?

ஆமாம். ஆனால் அதில் டிரம்மர் பில் வார்டு இல்லை. அது ஒரு குறையாகவே இருந்தது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், 20 வருடங்களுக்குப் பிறகு நால்வரும் ஒன்றாக மேடையேறினார்கள். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓசி, கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 2011-ல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த மெட்டாலிகாவும் அதே மேடையில் வாசித்தது. வருமானம் பார்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

17 நாட்கள் கழித்து, ஜூலை 22-ல் ஓசி காலமானார். வயது 76. இறுதி ஊர்வலம், இசைக்குழுவின் பெயரைத் தாங்கிய பர்மிங்காம் பாலத்தில் நின்று சென்றது.