டிஸ்க் நெளிந்துவிட்டதா?

என் நண்பரின் காரில் ஒரு தொல்லை. வேகமாகச் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கும், ஸ்டியரிங்கும் உதறும். “சூட்டில் டிஸ்க் நெளிந்துவிட்டது” என்று பட்டறையில் இருமுறை மாற்றிவிட்டார்கள். சில மாதங்களில் துடிப்பு மீண்டும் வந்தது. சூடுதான் காரணமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 2,00,000 ஜூல். காரை நிறுத்தும்போது இது வெப்பமாக மாறுகிறது. முன் டிஸ்க்குகள் இரண்டும் சேர்ந்து 10 கிலோகிராம் என்றும், வெப்பம் முழுவதையும் அவையே ஏற்கின்றன என்றும் கொள்வோம். ஒரு கிலோகிராம் வார்ப்பிரும்பை 1 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 500 ஜூல் தேவை. ஆகவே வெப்பநிலை 40 டிகிரிதான் உயரும்! மலைச்சரிவில் விடாமல் மிதித்தால் பல நூறு டிகிரி ஏறலாம். நண்பரோ சமவெளியில் ஓட்டுபவர்.

அப்படியானால் பெடல் துடிப்பதேன்? டிஸ்க் சற்றுக் கோணலாகச் சுழன்றால், ஒரு பக்கத்து பேட் விலகுமளவுக்கு மறுபக்கத்து பேட் நெருங்கும். கால் அதை அறியாது. தடிமன் மாறினால்தான் வம்பு. தடித்த இடம் வரும்போதெல்லாம் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு பிரேக் எண்ணெயை அழுத்தும். பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் பெடலுக்கு வந்துசேரும்.

கல்லூரியிலிருந்து திருகு அளவியை எடுத்துச்சென்று, டிஸ்க்கின் எட்டு இடங்களில் தடிமனை அளந்தேன். வேறுபாடு 0.03 மில்லிமீட்டர், தலைக்கோலில் மூன்றே பிரிவுகள்! துடிப்பை உணர இதுவே போதும்.

டிஸ்க்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. அது பொருந்தும் ஹப்பின் முகப்பில் துரு படிந்திருந்தது. அதன்மேல் அமர்ந்த டிஸ்க் கோணலாகச் சுழன்று, பிரேக் பிடிக்காதபோதும் சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் பேடை உரசியது. நாளடைவில் அவ்விடம் தேய்ந்து மெலிந்தது. சக்கர நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கினாலும் இதே கதிதான். சூடான டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

துருவை நீக்கி, புது டிஸ்க்கைப் பொருத்தி, எதிரெதிர் நட்டுகளாகச் சம அளவில் முறுக்கினார்கள். துடிப்பு அதன்பின் வரவில்லை. முதல் இரண்டு டிஸ்க்குகளுக்கும் கொடுத்த பணம் வீண்!

இனி யாராவது “டிஸ்க் நெளிந்துவிட்டது” என்றால், “அளந்து பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.