பழைய கணினியைக் காக்கும் குளிர்விப்பான்



வீட்டில் பல்லாண்டு உழைத்த மேசைக் கணினி ஒருநாள் பேரிரைச்சல் எழுப்புகிறது, வேகம் குன்றுகிறது, பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்துவிடுகிறது. "இதற்கு வயதாகிவிட்டது" என்று நாம் அதனை மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். புதியது வாங்கினால், தோட்டத்தில் பாடுபட்டுச் சேர்த்த பணம் கரைந்துபோகும். அதற்கு முன், அக்கணினியின் நோய் முதுமையா, வெப்பமா என்று ஆராய்வது அறிவுடைமையாகும்.

கணினியின் மூளையாக விளங்குவது செயலி. அது உட்கொள்ளும் மின்சாரம் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2400 என்னும் செயலிக்கு வகுக்கப்பட்ட வெப்ப அளவு 95 வாட். ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு விளக்கின் வெப்பம், அஞ்சல் தலையினும் சிறிய சில்லிலிருந்து வெளிப்படுகிறது! அது வெளியேறாவிடில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால், தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிய தகடுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்றுப் படும் பரப்பு மிகுந்தால் சூடு விரைவில் தணியும். செயலியின்மேல் உள்ள குளிர்விப்பானும் இத்தகையதே. அலுமினியத் தகடுகள் வெப்பத்தை வாங்க, காற்றாடி அதனை அகற்றுகிறது.

ஆகவே, முதற்பணி தூய்மை. மின்னிணைப்பைக் கழற்றிய பின், தகடுகளுக்கிடையே அடைந்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்க வேண்டும். இதனைச் சிறுவர் தனியே செய்யலாகாது. பெரியோர் உடனிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வெப்பக் களிம்பு. செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உள்ளன. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அவ்விடைவெளிகளை நிரப்புவதே களிம்பின் வேலை. பல்லாண்டுகளில் அது உலர்ந்துவிடும். பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய களிம்பு இட்டால் போதும்.

இவற்றிற்குப் பின்னும் சூடு தணியாவிடில், குளிர்விப்பானை மாற்றலாம். கோபுர வடிவக் குளிர்விப்பான்களில் செப்புக் குழாய்கள் உண்டு. அவற்றுள் இருக்கும் சிறிதளவு நீர்மம் அடியில் ஆவியாகி, மேலே சென்று வெப்பத்தைத் தகடுகளுக்குத் தந்து, மீண்டும் நீர்மமாகி இறங்குகிறது. சோற்றுப் பானையின் மூடியில் ஆவி நீர்த்துளியாவதும் இவ்வாறே அன்றோ?

வாங்குமுன் அளவு பார்த்தல் இன்றியமையாதது. மேற்கூறிய செயலி பொருந்தும் எல்ஜிஏ 1155 தாய்ப்பலகையில் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்; அதற்கு முந்திய எல்ஜிஏ 775 வகையில் 72 மில்லிமீட்டர். ஒன்றுக்குரியது மற்றொன்றில் நேரே பொருந்தாது. உயர்ந்த கோபுரங்கள் ஏறத்தாழ 160 மில்லிமீட்டர் இருக்கும். ஒடுங்கிய பெட்டியை அவற்றோடு மூட இயலாது.

ஒன்றை மறவாதீர். புதிய குளிர்விப்பான் இழந்த வேகத்தை மீட்டுத் தருமேயன்றிச் செயலியைப் புதியதாக்காது. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியையும் அதனால் தர இயலாது. ஆதலால் கணினியை வெயிலிலும் சுவரோடு ஒட்டியும் வைத்தல் தவறு.

பழுதின் காரணத்தை முதலில் அறிவோம். பின்னரே பணத்தைச் செலவிடுவோம். குப்பைக்குச் செல்லவிருந்த கணினி, இன்னும் சில ஆண்டு நம் பிள்ளைகளின் கல்விக்குத் துணைநிற்கக்கூடும்.