பன்றி நோயும் பார்க்டேல்காரரின் சம்பளமும்

டொரொண்டோவின் பார்க்டேலில் பன்றிப் பண்ணை எதுவும் இல்லை. ஆனாலும் பன்றிகளைத் தாக்கிய ஒரு வைரஸ் 2014-இல் நமக்குப் பக்கத்தில் 700-க்கும் மேற்பட்டவர்களின் வேலையைப் பறித்தது. கிங் வீதி ஸ்ட்ரீட்காரில் கிழக்கே கொஞ்சத் தூரம் போனால் வரும் டெக்கம்சே வீதியில் குவாலிட்டி மீட் பாக்கர்ஸ் என்ற பெரிய பன்றி இறைச்சித் தொழிற்சாலை இருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் அது மூடியது, வங்குரோத்தும் ஆனது.

பி.இ.டி. என்று சொல்லப்படும் கொள்ளை வயிற்றுப்போக்குதான் அந்த நோய். பெரிய பன்றிகள் பெரும்பாலும் தேறிவிடும். பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டிகள் தப்புவது அரிது. 2013-இல் அமெரிக்காவில் பரவி, 2014 ஜனவரியில் ஒன்ராறியோவின் மிடில்செக்ஸ் பகுதிப் பண்ணையொன்றில் தென்பட்டது. எப்படி வந்தது என்று தேடிய கனடா உணவுப் பரிசோதனை முகமை, தீவனத்தில் சேர்க்கும் பன்றிக் குருதிப் பொடியில் நோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருப்பதைக் கண்டது. பண்ணைக்குப் பண்ணை அதைக் கொண்டுபோக, லொறிச் சக்கரத்திலும் பூட்ஸிலும் ஒட்டிய சாணமே போதும். குட்டிகள் செத்ததும் பன்றியின் விலை ஏறியது. அந்த விலைக்கு வாங்கி வெட்டி விற்பது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மனிதரைத் தொற்றாத நோய்தான். ஆனால் அங்கே வேலை செய்தவர்களின் வீட்டு வாடகையை அது தொட்டுவிட்டது.

இப்படி ஒரு நாள் உங்கள் வேலையிடமும் வங்குரோத்தானால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வரவேண்டிய சம்பளம், விடுமுறைப் பணம், வேலைநீக்கக் கொடுப்பனவு ஆகியவற்றுக்காக மத்திய அரசின் ஊதியப் பாதுகாப்புத் திட்டம் 2008 முதல் இருக்கிறது. நிறுவனத்தின் வங்குரோத்து நிர்வாகியிடம் முதலில் உங்கள் கோரிக்கையைக் கொடுங்கள். பிறகு சர்வீஸ் கனடாவிடம் விண்ணப்பியுங்கள். 56 நாட்கள்தான் தவணை. கடிதம் வரும் என்று காத்திருந்து அந்த நாட்களைக் கோட்டை விடாதீர்கள். வேலையிழப்புக் காப்புறுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலப் படிவங்கள் மிரட்டினால், 1971 முதல் குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்துவரும் பார்க்டேல் சமூகச் சட்ட சேவை நிலையத்தை நாடலாம்.

பி.இ.டி.யைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பிடித்த பண்ணையில் கிட்டத்தட்ட எல்லாப் பன்றிகளையும் அது கொன்றுவிடும். 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் வெளிப்பட்டது. 2022-இல் வயநாடு, அடுத்த வருடத் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள். 2024 அக்டோபரில் இலங்கையில் உறுதியானது. கனடாவுக்குள் இதுவரை வரவில்லை. ஒரே ஒரு பண்ணையில் கண்டாலும், தன் பன்றி இறைச்சியில் பாதிக்கு மேல் ஏற்றுமதி செய்யும் இந்த நாட்டின் சந்தைகள் அன்றே அடைபடும். டெக்கம்சே வீதியில் நடந்தது பல ஊர்களில் நடக்கும்.

இந்தக் காய்ச்சலும் மனிதருக்கு வராது. ஆனால் அதன் வைரஸ் உப்புக் கண்டத்திலும் சாசேஜிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், உறைந்த இறைச்சியில் இன்னும் நீண்ட காலம். 2007-இல் ஜோர்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்தில் இறங்கிய கப்பலின் மிச்ச உணவைப் பன்றிகள் தின்றதால்தான் அது ஐரோப்பாவின் விளிம்புக்கு வந்தது என்று கருதப்படுகிறது. பன்றிகளுக்கு இறைச்சி கலந்த மிச்சச் சாப்பாடு போடுவதைக் கனடாச் சட்டம் தடுப்பது இப்படிப்பட்ட ஆபத்துகளால்தான். ஊரில் அது வழக்கம், இங்கே குற்றம்.

ஆகவே பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போது கவனம் தேவை. ஊரிலிருந்து வெளிக்கிடும்போது அக்காவோ மச்சாளோ கட்டித் தரும் பார்சலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெட்டி உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது. இறைச்சி இருந்தால் அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாத பொருளை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் வந்து மோப்ப நாய் கண்டுபிடித்தால் தண்டப்பணம் 1,300 டொலர் வரை போகும். பண்ணைக்குப் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சப்பாத்தில் ஒட்டிய மண்ணும் ஆபத்துத்தான்.

“எனக்குத் தெரியாது, அம்மா வைத்தது” என்ற விளக்கத்தை இந்தத் தண்டப்பணச் சட்டம் ஏற்காது. தெரியாமல் செய்தாலும் மீறல் மீறல்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இது கடுமை என்றுதான் நான் நினைக்கிறேன், முதல்முறை வரும் முதியவர்களுக்கு முக்கியமாக. ஆனால் உங்களுக்கு உரிமை ஒன்று உண்டு. தண்டப்பண நோட்டீஸ் கிடைத்து 30 நாட்களுக்குள் அமைச்சரிடமோ, கனடா விவசாய மறுஆய்வுத் தீர்ப்பாயத்திடமோ மறுபரிசீலனை கேட்கலாம். 15 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை என்று அந்தத் தாளில் இருக்கும். அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் மீறலை ஒப்புக்கொண்டதாக ஆகும், பிறகு முறையிட முடியாது. கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்பதாலும் தொகை குறையாது. நீங்கள் இறைச்சி இருப்பதைச் சொன்னீர்கள், அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை அல்லது தவறாக விளங்கிக்கொண்டார் என்று காட்ட முடிந்தால் உங்கள் முறையீடு நிற்கும். அதனால் கையில் தந்த ஒவ்வொரு தாளையும் வைத்திருங்கள். யார் என்ன கேட்டார், நீங்கள் எந்த மொழியில் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள்.