வேலைக்குக் கூப்பிடுறாங்க: எப்போ, எப்படிப் பதில் சொல்றது?

ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளுக்குக் கண்டி டவுன் கடையொன்றில் வேலை இருப்பதாகச் செய்தி வருகிறது. பல்லேகலையில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து லயத்து அண்ணன் சொல்கிறார். இன்னொரு நாள் ஏஜன்சிக்காரர் ஒருவர் வாசலுக்கே வந்து, "அக்கா, குவைத்துல நல்ல வீடு. இப்பவே சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும்" என்கிறார். மூன்றிலும் கேள்வி ஒன்றுதான். உடனே சரி என்று சொல்வதா, பொறுப்பதா?

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் நம் பெரியவர்கள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பதும் அவர்கள் சொன்னதுதான். இரண்டும் சரி. விவரம் தெரியும்வரை பதறக் கூடாது. தெரிந்த பிறகு ஆறப்போடக் கூடாது.

நம் முன்னோருக்கு இப்படி யோசிக்க இடமே இருக்கவில்லை. 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்திலும், அதன் பிறகும், கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகத் தலையில் நின்றது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், ஆனால் கடன் ஆளோடேயே போகும். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதிலிருந்து நாம் படிக்கும் பாடம் இது: பதில் சொல்லும் முன்பே காசு வாங்கினால், அந்தக் காசே நமக்காகப் பதில் சொல்லிவிடும்.

முதலில் என்ன கேட்கணும்?

சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்? லீவு எத்தனை நாள்? தங்கும் இடம், சாப்பாடு யார் செலவு? ஈ.பி.எப்., ஈ.டி.எப். உண்டா? இவற்றை வாயால் கேட்டது போதாது, எழுத்தில் கேளுங்கள். கடை, காரியாலய வேலை என்றால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமனக் கடிதம் தர வேண்டியது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும்.

சம்பளத் தொகையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. கணக்குக்காக மாதம் 30,000 ரூபா என்று வைப்போம். ஈ.பி.எப்.புக்கு 8 சதவீதம், அதாவது 2,400 ரூபா, நம் சம்பளத்தில் கழிப்பார்கள். முதலாளி தன் கையிலிருந்து ஈ.பி.எப்.புக்கு 12 சதவீதமும் ஈ.டி.எப்.புக்கு 3 சதவீதமும், மொத்தம் 4,500 ரூபா, கட்ட வேண்டும். கையில் வரும் 27,600இல் பஸ் காசையும் போர்டிங் காசையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான சம்பளம்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

நல்ல முதலாளி இரண்டு மூன்று நாள் தருவார். "ரொம்ப நன்றிங்க ஐயா. வீட்டுல பேசிட்டு வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்றேன்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். சொன்ன நாளில் தவறாமல் பதில் கொடுங்கள். அதற்குக்கூட இடமில்லை, இப்பவே சொல் என்று நெருக்கினால், ஏன் இந்த அவசரம் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். அடையாள அட்டையின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோ பிரதி போதும்.

16 வயது ஆகாத பிள்ளையை யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இல்லை. 2021இல் இருந்து வேலைக்குப் போகும் மிகக் குறைந்த வயது 16. பங்களா வேலையும் அதில் அடங்கும்.

வெளிநாடு என்றால்

ஏஜன்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்குப் பேசி விசாரியுங்கள். பணியகத்தில் பதிவு செய்யாமல், விசிட் விசாவில் போகச் சொன்னால் போகாதீர்கள். ஒப்பந்தத்தை நமக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். முன்கூட்டியே கட்டுக் காசு கொடுத்தால், துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள்

சொல்லாமல் கொள்ளாமல் பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். விலகும் தேதியை எழுதிக் கடிதம் கொடுத்து, பிரதியில் ஆபிசின் கையொப்பம் வாங்குங்கள். 5 வருடம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 12 வருடம் என்றால் 168 நாள் சம்பளம், சின்னக் காசு இல்லை! விலகி 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். ஈ.பி.எப். காசு வேலை மாறினாலும் அழியாது, உங்கள் பேரிலேயே இருக்கும். அங்கத்துவ இலக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குடும்பத்தில் வேறு யாரும் செக்ரோலில் இல்லையென்றால் லய அறையின் நிலை என்ன என்பதைத் தலைவரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். விலகின பிறகு கேட்பதில் பயனில்லை.

பதில் சொல்லும் விதம்

சரி என்றால், எந்தத் தேதியில் வேலைக்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் போய்ச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். "இந்தத் தடவை வர முடியல ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை போதும். பேசாமல் இருந்துவிட்டால், சிபாரிசு செய்தவருக்கும் கெட்ட பேர், நாளைக்கு நம் லயத்திலிருந்து போகும் இன்னொரு பிள்ளைக்கும் கதவு அடைபடும். இரண்டு இடத்தில் கூப்பிட்டால் இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். முடிவு தெரியாத இடத்தில், எப்போது தெரியும் என்று கேட்டுவிட்டு ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிச் சந்தேகம் என்றால் கண்டி தொழில் காரியாலயத்தில் கேட்கலாம். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. கேட்காமல் போய் மாட்டிக்கொண்டால் போவது வருடக்கணக்கு.