கற்கண்டுக்குத் திசை உண்டு, சர்க்கரைக் கரைசலுக்கு இல்லை

நெல்லிக்குப்பம் என்றதும் கடலூர் மாவட்டத்தாருக்குச் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் போலாரிமீட்டர் என்றொரு கருவி இருக்கும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சர்க்கரைக் கரைசலுக்குள் செலுத்தினால், அந்தத் தளம் சற்றே திரும்பிவிடும். 26 கிராம் தூய சர்க்கரையைக் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கி, 20 சென்டிமீட்டர் நீளக் குழாயில் ஊற்றினால், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் தளம் சுமார் 34.6 டிகிரி திரும்பும். கோணத்தை அளந்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும்.

காந்தமும் இதே வேலையைச் செய்யும் என்று 1845இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். ஈயம் கலந்த கனமான கண்ணாடியைக் காந்தப்புலத்தில் வைத்து ஒளியைச் செலுத்தியபோது தளம் திரும்பியது. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சர்க்கரைக் கரைசலைக் கடந்த ஒளி அதே வழியில் திரும்பி வந்தால், தளம் பழைய நிலைக்கே வந்துவிடும். காந்தத்தில் அப்படியல்ல: போகும்போது 45 டிகிரி திரும்பினால், வரும்போது இன்னொரு 45, ஆக 90. ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே விடும் வடிகட்டி ஒன்றை வாசலில் வைத்தால், திரும்பி வரும் அந்த ஒளியை அது மறித்துவிடும். லேசர்களைக் காக்கும் ஒருவழிக் கதவு இப்படித்தான் இயங்குகிறது.

படிகத்துக்கு இதில் என்ன வேலை?

கரைசலில் மூலக்கூறுகள் நாலாபுறமும் பார்த்து நிற்பதால், எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் ஒன்றுதான். கற்கண்டில் அவை வரிசை கட்டி நிற்கின்றன. திசைக்குத் திசை ஒளி வேறுவிதமாக நடக்கும். இதுவே திசைச்சார்பு. கற்கண்டைக் கரைத்தால் அதுவும் கரைந்துபோகும்.

காந்தப் படிகங்களிலும் இதே கதைதான். இரும்பு, கனசதுரத்தின் விளிம்பு வாக்கில் எளிதில் காந்தமாகும். நிக்கல், எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்ட வாக்கில். கோபால்ட், தன் அறுகோண அச்சு வாக்கில். அந்த அச்சு வாக்கில் காந்தமாக்கும்போதும் அதற்குக் குறுக்கே காந்தமாக்கும்போதும், கோபால்ட்டில் பட்டுத் திரும்பும் ஒளியின் சுழற்சி வேறுபடுகிறது. உலோகம் ஒன்றுதான், திசைதான் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில படிகங்கள் இயல்பாகவே ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஆர்த்தோஃபெரைட் என்னும் காந்தப் படிகங்களில் இந்த இரட்டை விலகல் காந்தச் சுழற்சியைக் கலைத்துவிடும். ஒளி இரண்டாகப் பிரியாத திசையான ஒளியச்சு வாக்கில் செலுத்தினால்தான் பயன். கனசதுர அமைப்புள்ள யிட்ரியம் இரும்பு கார்னெட்டில் இயல்பான இரட்டை விலகல் இல்லை. ஒளியிழைத் தொலைத்தொடர்பில் கார்னெட் வகைகள் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வத்திராயிருப்புக்காரர் வகுத்த வழி

இந்தத் துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், காந்தப்புலத்தில் திரவங்கள் காட்டும் இரட்டை விலகலுக்கு 1927இல் சி. வி. ராமனோடு சேர்ந்து விளக்கம் தந்தார். பிறகு டாக்கா பல்கலைக்கழகத்தில், சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழை முறுக்கிக்கொள்வதைக் கொண்டே படிகத்தின் காந்தத் திசைச்சார்பை அளந்தார்.

இன்று ஒளிக்கு ஒருவழிக் கதவு செய்வோரும் மறக்கக் கூடாத பாடம் அது. காந்தம் எவ்வளவு வலுவானது என்பது பாதிக் கணக்குதான். படிகத்தை எந்தத் திசையில் வெட்டினோம் என்பது மீதிப் பாதி.