பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா? பத்திரத்தில் கவனிக்க வேண்டியவை

அறுபது வயதைத் தாண்டியதும் ‘இனி நமக்கு எதற்கு’ என்று நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடும் விவசாயிகள் பலர். பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் சிக்கல் இல்லை. பார்க்காவிட்டால், செலவுக்குக் கூட கையேந்தும் நிலை வந்துவிடும். அப்போது உங்களுக்குக் கைகொடுப்பது பத்திரத்தில் எழுதியிருக்கும் வாசகம்தான்.

தான செட்டில்மெண்ட்

இந்தப் பத்திரம் பதிவாகி, வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும் நிலம் அவருடையதாகிவிடும். பிறகு மனம் மாறினாலும், பொதுவாக நீங்களாகவே அதை ரத்து செய்ய முடியாது. மொத்த நிலமும் கைமாறி, பட்டாவும் மாறிவிட்டால், பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் 6,000 ரூபாயும் உங்களுக்கு நின்றுவிடும்.

உயில்

உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை நிலம் உங்களுடையதுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்துப் பெறப் போகிறவர் சாட்சியாக இருக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பின்னால் தகராறு வராமலிருக்க சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் மகள்களுக்கும் மகன்களைப் போலவே சம பங்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போதே எழுதித்தான் ஆக வேண்டுமா?

மகன் கடன் வாங்க வேண்டும், பாகம் பிரிக்க வேண்டும் என்பது போன்ற காரணங்கள் இருக்கலாம். அப்படியானால் இந்த மூன்றையும் கவனியுங்கள்:

1. நீங்களும் உங்கள் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை நிலத்தையும் வீட்டையும் அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்று எழுதுங்கள்.

2. உணவு, உறைவிடம், மருத்துவம் உள்ளிட்ட தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கொடுக்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 23-இன்படி, இந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம்.

3. ஒரு பகுதி நிலத்தையாவது உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள்

பிள்ளைகள் கைவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். இந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தை அவர்தான் நடத்துகிறார். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தை ரத்து செய்வது கடினம். ஆனாலும் மனு கொடுக்கத் தயங்க வேண்டாம். முதியோர் உதவி எண் 14567-இல் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

கையில் பணமும் இருக்கட்டும்

நிலம் விற்ற பணமோ, பெரிய தொகை எதுவுமோ வந்தால் மொத்தத்தையும் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். 60 வயது நிறைந்தவர்கள் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கிடைக்கும். கணக்குகளில் வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மகனுக்கு 18 முதல் 40 வயதுக்குள் இருந்து, 2 ஹெக்டேருக்குள் நிலமும் இருந்தால் பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால், 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் உண்டு.

பத்திரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு அவர் எங்கே இருப்பார், எதைக் கொண்டு சாப்பிடுவார் என்பதற்கு அந்தப் பத்திரத்தில் பதில் இருக்க வேண்டும்.